பிள்ளை இருக்கிறான், கஞ்சி இல்லை



முதுமையில் வறுமை என்றதும் யாருமற்ற அநாதைகளையே நாம் நினைக்கிறோம். உத்திரமேரூர் சுற்றுக் கிராமங்களிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வரும் முதியோரில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் உண்டு. சிக்கலே அதுதான்.

இவர்கள் ஏரிப் பாசன வயல்களில் நாற்று நட்டு, களை பறித்து, கூலிக்கு உழைத்தவர்கள். சொந்த நிலம் இல்லை. (இவ்வூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டு, வாரியத்துக்கு வருகிறவரிடம் நிலமும் சொந்த மனையும் கேட்டது. நிலமில்லாதவருக்கு அன்றும் இடமில்லை.) குனிய முடியாமல் போன நாளோடு வருமானமும் நின்றுவிடுகிறது. மகன் ஒரகடம் பக்கம் ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். வாடகை, பிள்ளைகள் படிப்பு, வட்டி என்று அவனுக்கே போதவில்லை. அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 முதல் 75 ரூபாய் கொடுத்தது. மாநிலத்தில் இத்தொகை 2011-இல் 1,000, 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அந்த 2023-லும், எண்பது வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். ஆனால் இது ஆதரவற்றோருக்கான பணம். மகன் இருக்கிறான் என்றால் விசாரணையிலேயே கேள்வி எழும். தாசில்தார் அலுவலகத்துக்கு ஆதரவு உள்ளவர். அடுப்படியிலோ மீந்தால்தான் சோறு.

இந்த வறுமை உடம்பில்தான் தெரிகிறது. இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது, நல்ல காரியம். கண்புரைக்கு வழி அவ்வளவு எளிதல்ல. அறுவை சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் கூட ஒருவர் வரவேண்டும். வருகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். இலவசம் என்ற கணக்கில் அந்தக் கூலியை யாரும் சேர்ப்பதில்லை. 'அறுப்பு முடியட்டும்' என்று தள்ளிப் போடுகிறார்கள். அதற்குள் வரப்பில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு கொல்லைக்குப் போகவும் ஆள் வேண்டும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். நாங்கள் சொல்லிப் பார்ப்பதுண்டு. "பெத்த புள்ள மேலயா மனு குடுக்கிறது?" என்று எழுந்து போய்விடுவார்கள். போதாத கூலியில் எவ்வளவு பிரித்துக் கொடுக்க முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே இப்போது கண் நோயாளியோடு துணைக்கு வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலியில் ஒரு பங்கும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்கிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இதற்குத்தான் செலவாகிறது.