கலைத்துக் கட்டும் வீடு

புதுச்சேரிக்குச் செங்கல் புதிதன்று. பட்டணத்துக்குத் தெற்கே அரிக்கமேட்டின் ஆற்றங்கரையிலிருந்து பழங்காலத்துப் பெரிய செங்கற்களை வீராம்பட்டினத்து ஜனங்கள் பெயர்த்துச் செல்வதை, 1769இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்கென்றே இங்கு வந்து தங்கி, அந்தக் காலை வேளையில் மேகம் மூடிக்கொண்டதனால் ஏமாந்துபோன லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி குறித்து வைத்திருக்கிறார். அவர் வந்தபோது ஊரே புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போக, 1765இல் ழான் லா தலைமையில் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள், பழைய வீதிகளின் கோடுகளையே பின்பற்றி நகரத்தை மறுபடியும் நிர்மாணித்தார்கள். அந்தக் கோடுகளோ, அவர்களுக்கும் முன்னால் 1693 முதல் 1699 வரை இங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் வரைந்த கட்டம் போட்ட படத்தை அடியொற்றியவை. இவ்வாறு இடிவதும் எழுவதுமாகவே சரித்திரத்தைக் கழித்த ஓர் ஊரில் பிறந்து, 1980களில் பால்யத்தைக் கழித்த என் போன்றவர்களுக்கு, செங்கல் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சூளையில் வெந்த கல் அன்று. இரு விரல்களுக்குள் அடங்குகிற, தலையில் எட்டுக் குமிழ்களைத் தாங்கிய, சிவப்பு நிறப் பிளாஸ்டிக் கல்தான்.

அந்தக் கல் எங்கள் தெருவுக்குக் கடைவழியாக வரவில்லை, பெட்டிவழியாக வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் இடமளித்தது. அவ்வாறு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பிரான்சில் உத்தியோகம் பார்த்தார்கள், பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனார்கள், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடுமுறைக்கு வரும் அவர்களுடைய தோல்பெட்டிகள் திறக்கப்படும் வைபவத்துக்குத் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் திண்ணையில் கூடிவிடுவோம். சோப்பு, சாக்லேட், வாசனைத் திரவியம் என்று பெரியவர்களுக்கான சாமான்கள் எல்லாம் வெளிவந்த பிறகு, துணிகளுக்கு அடியில், குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும் ஓர் அட்டைப்பெட்டி வரும். எதிர்வீட்டுப் பையனின் மாமா கொண்டுவந்த அந்தப் பெட்டிக்குள் இருந்த செய்முறைப் புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. முழுக்க முழுக்கப் படங்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அவனும் தமிழ்ப் பள்ளியில் படித்த நானும் அதற்கு முன்னால் சமமாக உட்கார்ந்தோம்.

படத்தில் இருந்த வீட்டைக் கட்டி முடித்ததும்தான் சங்கடம் தொடங்கிற்று. அது பனி பெய்யும் தேசத்து வீடு. இருபுறமும் செங்குத்தாகச் சரியும் சிவப்பு ஓட்டுக்கூரை, கூரை நுனியில் ஒரு புகைபோக்கி. எங்கள் தெருவிலோ தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் தளமும், முன்புறத்தில் திண்ணையும், நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்ட வீடுகளே இருந்தன. அந்தப் பனித் தேசத்துச் சிற்பி எவரும் திண்ணைக்கென்று ஒரு துண்டு வார்த்து அனுப்பவில்லை. ஆகவே நாங்களே அதை உண்டாக்கினோம். எட்டுக் குமிழ்க் கற்களை வாசலின் இருபக்கமும் ஓர் அடுக்கு மட்டும் பரப்பினால் திண்ணை. ஒற்றைக் குமிழ் உருண்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் திண்ணைத் தூண். நடுவில் எதையும் வைக்காமல் விட்டால் முற்றம். கூரைக்கென்று வந்த சரிவுக் கற்கள் தாழ்வாரமாயின. புகைபோக்கிக்கான துண்டு துளசிமாடமாயிற்று. 1978 முதல் இந்தப் பெட்டிகளில் வரத் தொடங்கியிருந்த மஞ்சள் முகப் பொம்மை மனிதர்கள், தலையில் தொப்பியும் முகத்தில் மாறாத புன்னகையுமாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது, வழிதவறி வந்த தபால்காரர்களைப் போலத்தான் தோன்றினார்கள். ஆனாலும் யாரும் அவர்களை எழுப்பிவிடவில்லை.

நவராத்திரியில் அந்த வீட்டுக்குப் பெரிய பதவி கிடைத்தது. வில்லியனூர்க் குயவர்கள் செய்த சுடுமண் பொம்மைகள் படிகளில் அமர்ந்திருக்க, தரையில் மணல் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா அமைக்கும் உரிமை வீட்டுப் பிள்ளைகளுடையது. அந்தப் பூங்காவின் நடுவே எங்கள் பிளாஸ்டிக் மாளிகையை நிறுத்த வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். “காலால தள்ளுற சாமானைக் கொலுவுல வெப்பாங்களாடா?” என்று முதலில் மறுத்த பாட்டி, பிறகு ஒவ்வொரு கல்லையும் சீயக்காய்த் தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தாள். ஈரம் காயாத கற்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டு, விஜயதசமிக்குப் பிறகு பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துப் பிரித்தோம். அந்தப் பல்தடங்கள் இன்றும் சில கற்களில் உண்டு.

இறுகிக்கொள்வதும் பிரிந்துகொடுப்பதும் ஆகிய இந்த இரட்டைக் குணம் எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், 1932இல், பொருளாதார மந்தத்தால் வீடு கட்டும் வேலை நின்றுபோகவே, மரப்பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். யுத்தத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியபோது, இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் தம்முடைய கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தின் மூலம் விற்றுவந்த குமிழ் வைத்த கற்களின் மாதிரி அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1949இல் வெளிவந்த டேனிஷ் கற்கள் அதைத் தழுவியவையே. புகழ் முழுவதும் பில்லுண்டுக்குப் போய்விட்டது. பேஜின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த முதற்கற்களின் வயிறு வெறுமையாக இருந்தது. மேலே குமிழ், உள்ளே ஒன்றுமில்லை. அடுக்கினால் நிற்கும், சாய்த்தால் சரியும். ஓலேயின் மகன் கோட்ஃபிரட், கல்லின் வயிற்றுக்குள் சிறு குழாய்களை நிறுத்தினார். கீழ்க்கல்லின் குமிழ், மேற்கல்லின் குழாயும் பக்கச்சுவர்களுமாக மூன்று இடங்களில் அழுத்தப்பட்டு, அந்த அழுத்தத்தின் உராய்வினாலேயே பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். 1958 ஜனவரி 28ஆம் தேதி இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. உராய்வை நம்பிய பிடிப்பாகையால், குமிழ் ஒரு மயிரிழை பருத்தால் பிள்ளையின் கைக்குப் பிரியாது, ஒரு மயிரிழை இளைத்தால் நிற்காது. குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர் என்ற அளவுகள் இம்மியும் பிசகாதபடி அச்சுகளைச் செதுக்க வேண்டியிருக்கிறது. முதலில் பயன்படுத்திய செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொண்டதால், 1963இல் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். எட்டுக் குமிழ்க் கற்கள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஆறு கற்களை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக! பல ஆண்டுகள் கற்களை வார்த்த பில்லுண்டு நிறுவனமே இதைச் சுமார் பத்துக் கோடி என்று சொல்லிவந்தது. ஆறு அடுக்கு உயரமாக எழும் உருவங்களை மட்டும் எண்ணிவிட்டு, அகலமாகப் படர்பவற்றை விட்டுவிட்டார்களாம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் பிற்பாடு கணிப்பொறி கொண்டு எண்ணித் திருத்தினார். திண்ணை கட்டிய எங்களுக்கு, படர்வதும் ஒரு கட்டடம்தான் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெட்டி எதிர்வீட்டுக்காரனுடையது. எனக்கென்று வாங்கிக் கொடுத்தது, நேரு வீதிக் கடையொன்றிலிருந்து வந்த உள்நாட்டுப் பெட்டி. அக்காலத்தில் நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1991இன் சீர்திருத்தங்களுக்குப் பிறகே அவை தளர்ந்து, கடைசிக் கட்டுகள் 2001இல்தான் அவிழ்ந்தன. ஆகையால் நம்மவர்கள் தாமே வார்த்த கற்களும், ஆணியும் மரையும் கொண்டு முடுக்கும் மெக்கானிக்ஸ் இரும்புச் சட்டங்களுமே பெரும்பாலான வீடுகளை எட்டின. என்னுடைய உள்நாட்டுக் கற்கள் நான்காவது அடுக்குக்கு மேல் தொந்தி சரிந்தன. மொட்டை மாடி வெயிலில் ஒரு மத்தியானம் மறந்து வைத்தால் சில கோணிக்கொண்டன. ஆனால் அவற்றுக்கு ஒரு பெருமை உண்டு: அவை என்னுடையவை, எவ்வளவு வேண்டுமானாலும் மண்ணில் புதைக்கலாம். பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதன் வளைவுகளை நேர்க்கோட்டுக் கற்களால் செய்ய முயன்று, படிப்படியாக உள்வாங்கும் ஏணிபோன்ற ஒரு வாயிலை எழுப்பினேன். வளைவு கட்டத் தெரியாத பழங்காலத்துக் கொத்தர்களும் கல்லைக் கல்லுக்கு மேல் சிறிது சிறிதாக நீட்டித்தான் வாயிலை மூடினார்கள் என்பது பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது.

விளையாட்டுக் கற்களுக்கும் இந்த ஊரின் நிஜக் கட்டடங்களுக்கும் ஒரு தூரத்து உறவும் இருக்கிறது. ஜெர்மனியில் மழலைப் பள்ளிகளைத் தோற்றுவித்த ஃப்ரோபெல், கனசதுரங்களும் நீள்கட்டைகளும் கொண்ட மரப்பெட்டிகளைக் குழந்தைகளுக்கென்று வகுத்தார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் அவற்றைக் கண்ட ஓர் அமெரிக்கத் தாய் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தாள்; அந்த மகன் ஃபிராங்க் லாயிட் ரைட், பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற கட்டடக் கலைஞர் ஆகி, அந்த மரக்கட்டைகளின் ஸ்பரிசம் தம் விரல்களை விட்டு நீங்கவேயில்லை என்ற கருத்தில் எழுதினார். ரைட்டிடம் பணிபுரிந்தவர் அன்டோனின் ரேமண்ட். இந்த ரேமண்டைத்தான் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1930களில் கோல்கொண்ட விடுதியை வடிவமைக்க அழைத்தது. வேலையை இங்கே இருந்து கவனித்தவர்களுள் ஜார்ஜ் நகாஷிமாவும் ஒருவர். இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் முதன்மையாகச் சொல்லப்படும் அதன் முகப்பில், ஒரே அளவான அசையும் பலகைகள் வரிசை வரிசையாக, திறந்தும் மூடியும் காற்றை அனுமதிக்கின்றன. ஒரே அளவுத் துண்டைப் பலமுறை திரும்பத் திரும்ப வைத்து ஓர் அழகை உண்டாக்கும் அந்த முகப்புக்கு எதிரில் நிற்கும்போதெல்லாம், எனக்கு மரியாதைக்கு முன்னால் விளையாட்டு ஆசைதான் தலைதூக்குகிறது.

விளையாட்டுக் கல்லின் விசேஷம் கட்டுவதில் இருப்பதைவிடக் கலைப்பதில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. சுண்ணாம்பில் இறுகிய செங்கல்லைப் பெயர்த்தால் பாதி உடைந்து ஜல்லியாகிறது. எங்கள் தெருவில் பாகப்பிரிவினைக்காக இடிக்கப்பட்ட திண்ணை வீடுகளின் கற்கள் அப்படித்தான் புது மாடிகளின் தளத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. கடற்கரையில் நின்ற மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகராட்சி மாளிகை, பராமரிப்பின்றிப் பழுதாகி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய உருவத்திலேயே மறுபடியும் எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். திறப்புக்குப் பின் பார்க்கப் போன என் பழைய எதிர்வீட்டுச் சிநேகிதன், இப்போது பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவாக அவனே ஆகிவிட்டவன், ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் கட்டியிருக்காங்கப்பா, துண்டு எதுவும் மிச்சமாகல போல” என்றான்.

இப்போது இந்தக் கற்களுக்குப் பஞ்சமில்லை. பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. குமிழ் வைத்த கல்லின் வடிவத்தையே வணிகச் சின்னமாக ஒரு நிறுவனம் என்றென்றும் வைத்துக்கொள்ள முடியாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆதலால் யார் வேண்டுமானாலும் வார்க்கிறார்கள். நம் அரசாங்கமோ பொம்மை இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தி, 2021 முதல் தரமுத்திரையையும் கட்டாயமாக்கியது. விலை அதிகமென்று முணுமுணுக்கும் பெற்றோர்களுக்கு, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விரிப்பின்மேல் குவித்து வைத்திருக்கும் பழைய கலப்படக் குவியல் இருக்கவே இருக்கிறது. அதில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வீட்டில் இருக்கும் நல்ல கல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். 1958இன் குழாய்க் கல் இன்று வார்த்த கல்லோடு பிசகாமல் பொருந்தும் என்பதே அந்தப் பழைய பில்லுண்டுக் கற்களின் கீர்த்தி. ஆகவே பொருந்துகிறதா என்று அங்கேயே அழுத்திப் பார்த்துவிடலாம். நான் அவ்வாறு பல்தடம் உள்ள கல் ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் பொறுமையாகப் பார்த்திருந்த கடைக்காரர், “எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க சார், ஒட்டாததை அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, மாத்தித் தரேன்” என்றார்.