உங்களுக்குத் தெரியுமா? ஈசல் இட்ட புளிங்கறி

செம்புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை மோரில் இட்டுச் சமைத்த புளிங்கறியைப் புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர் குறிப்பிடுகிறார். பாரியின் நாட்டு வளத்தை உரைக்கும் இடத்திலேயே அக்குறிப்பு வருவதால், அதை வறியோர் உணவென ஒதுக்குவது பொருந்தாது.

• ஈசல் என்பது மழைக்குப்பின் இணைசேரப் பறக்கும் சிறகுள்ள கறையான். காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் வாழும் இருளர், புற்றின் வாயருகே குழி பறித்து, விளக்கொளி காட்டி ஈசலை அதில் விழச்செய்து, உலர்த்தி, முறத்தில் புடைத்துச் சிறகை நீக்கி, வெறுஞ்சட்டியில் வறுத்து உண்பர். கொழுப்பு மிகுந்த உடலாதலால் அது எண்ணெயின்றியே மணக்க வறுபடும்.

• ஈசலைப் போலவே பட்டுப்புழுவும் உணவாகிறது. காஞ்சிப் பட்டுக்கு இழை தருவது முசுக்கொட்டை (மல்பெரி) இலை தின்று வளரும் பட்டுப்புழு. அவ்வினம் உட்பட 16 பூச்சியினங்களை மனித உணவாக விற்கச் சிங்கப்பூர் 2024இல் அனுமதி வழங்கியது.

• அசாமில் எரிப்பட்டின் கூட்டுப்புழு, அதாவது கூட்டுக்குள் உருமாறும் பருவத்துப் புழு, நெடுங்காலமாகவே விரும்பி உண்ணப்படுகிறது.