எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கட்டும் என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். பணமும் இருக்கும், மனசும் இருக்கும். கடைக்குப் போனதும் தெனாலிராமன், ஈசாப், பஞ்சதந்திரம், நூற்றுச் சொச்சம் நீதிக்கதைகள் என்று ஒரு கட்டுக் கட்டி, போளூரிலோ ஆலங்காயத்திலோ பஸ் ஏறிவிடுவார்கள். அந்தக் கட்டில் முக்கால்வாசிப் புத்தகங்களை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாக வாசிக்க முடியாது. கதையில் குறை இல்லை. பஞ்சதந்திரத்தைக் குறை சொல்ல நான் யார்? அது காதால் கேட்க வேண்டிய கதை. எழுத்துக் கூட்டுகிற பிள்ளை தன் விரலை வைத்துத் தானே படிக்கிற புத்தகம் வேறு. இரண்டுமே வேண்டும். ஆனால் எது எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை இது. இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம், வீட்டில் பேசுவது தமிழ்தான். சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், பலாவும் புளியும் உண்டு. ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் பல பிள்ளைகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு, வீட்டில் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது பாடப்புத்தகம்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எளிய புத்தகம் எது? பலர் எழுத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். ‘ஞ’, ‘ஷ’ போன்ற எழுத்துகள் வராமல் இருந்தால் எளிது என்று நினைக்கிறார்கள். தமிழில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ‘க’ ஒன்றுதான், ஒலி மூன்று. எழுத்தை மட்டும் தெரிந்துகொண்ட பிள்ளை ‘ப-க-ல்’ என்று ‘கல்’லில் வருகிற அழுத்தமான ‘க’வைப் போட்டுக் கூட்டும். பகல் என்ற சொல் அதற்கு ஏற்கெனவே பழகியிருந்தால்தான் கூட்டிய அடுத்த நொடியில் “ஓ, பகலு!” என்று பிடித்துக்கொள்ளும். அதாவது, தெரிந்த சொல்லைத்தான் பிள்ளை முதலில் வாசிக்கும். தெரியாத சொல்லைக் கூட்ட முடியுமே தவிர வாசிக்க முடியாது. அரிச்சுவடிப் படப்புத்தகங்களில் ஔ என்றால் ஔடதம் என்று போட்டிருப்பார்கள். மருந்து என்று சொல்லி வளர்ந்த பிள்ளை அந்தக் குப்பிப் படத்தைப் பார்த்து என்ன செய்யும்?

அடுத்தது சொல்லின் நீளம். ‘பார்த்துக்கொண்டிருந்தது’ என்பதில் 12 எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1957-ல் எழுதிய தொப்பிப் பூனைக் கதையில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தான். திரும்பத் திரும்ப அதே சொற்கள் வருவதால் பிள்ளைக்கு அவை கண்ணில் பதிந்துவிடும். அந்த வித்தையைத் தமிழில் அப்படியே செய்ய முடியாது. யானை என்று ஒரு சொல்லைப் பழக்கி வைத்தால் அடுத்த பக்கத்தில் அது யானையை, யானைக்கு, யானையோடு என்று வால் முளைத்து நிற்கும். பெரியவர் கண்ணுக்கு ஒரே யானை. எழுத்துக்கூட்டுகிற கண்ணுக்கு நாலு யானை.

புத்தகத்தின் முதுகில் இருக்கும் ‘நிலை 1’, ‘நிலை 2’ முத்திரைகளை நான் முழுசாக நம்பாததற்கு இதுதான் காரணம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆங்கிலத்தில் நாலு சொல்லாகச் சொல்வதைத் தமிழில் ‘போகமாட்டேன்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். மொழிபெயர்த்தால் சொற்களின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். எண்ணிப் பார்த்தால் எளிது, வாசித்துப் பார்த்தால் கடிது. இதைச் சொல்லிவிட்டு அந்தத் தளத்தைப் பரிந்துரைக்கவும் செய்கிறேன். தமிழில் ஏராளமான கதைகள் இலவசம், இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். சிக்னல் கிடைக்கிற ஊரில் தேர்ந்தெடுத்து இறக்கி, ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, நடுவில் ஒரு ஸ்டேப்ளர் போட்டால் மலைக்குப் புத்தகம் தயார்.

மூன்றாவது சிக்கல், நாம் பேசுவது ஒன்று, அச்சில் இருப்பது ஒன்று. ‘வந்துச்சு’ என்று சொல்லும் பிள்ளை ‘வந்தது’ என்று படிக்க வேண்டும். இதற்காகக் கதை முழுவதையும் பேச்சுத்தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எந்த ஊர்ப் பேச்சில் எழுதுவது? மதுரைப் பேச்சில் எழுதினால் ஜவ்வாது மலைப் பிள்ளைக்கு அதுவும் இன்னொரு அந்நியத் தமிழ்தான். ‘வந்தது’, ‘போனது’ போன்றவற்றைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். தடுக்குவது, “மரக்கிளையின் மீது அமர்ந்திருந்த குரங்கானது கீழே நோக்கியது” மாதிரி வாக்கியங்கள். “குரங்கு மரத்தில் இருந்தது. கீழே பார்த்தது.” இவ்வளவு போதும். உரையாடலை மட்டும் பேச்சில் விட்டால் இன்னும் நல்லது.

கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள், கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு வாக்கியம் ஒரே மூச்சில் முடிகிறதா? எதிரே நிற்கும் பிள்ளையிடம் நீங்கள் அப்படிப் பேசுவீர்களா? அப்புறம் கையால் எழுத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். என்ன நடக்கிறது என்று பாதியாவது சொல்ல முடிய வேண்டும். எழுத்தில் திணறுகிற பிள்ளைக்குப் படம்தான் ஊன்றுகோல். கடைசியாக வரிகளின் ஓரத்தைப் பாருங்கள். தமிழ் அச்சில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வரியில் இடம் போதாவிட்டால் சொல்லை நடுவில் வெட்டி, ஒரு கோடுகூடப் போடாமல் மிச்சத்தை அடுத்த வரியில் வைத்துவிடுவார்கள். ‘பூனைக்கு’ என்று ஒரு வரி முடியும், ‘ட்டி’ என்று அடுத்த வரி தொடங்கும். நமக்கு அது கண்ணில்கூடப் படாது. புதிதாக வாசிக்கிற பிள்ளைக்கு அங்கே கதை முடிந்துபோகும். சொல்லை வெட்டியிருந்தால் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள்.

தமிழ் தருகிற இடைஞ்சல்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது தருகிற ஒரு பரிசையும் சொல்ல வேண்டும். கடகட, சலசல, தடதட, மளமள. பாதியைக் கூட்டினால் மீதி தானாக வரும், வாய்க்கும் ருசி. இப்படிச் சத்தம் போடுகிற புத்தகங்களைத் தேடி வாங்குங்கள். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து தூலிகா வெளியிட்ட ‘கஜபதி குலபதி’ எனக்குப் பிடித்த உதாரணம். யானைக்குச் சளி பிடிக்கிறது, ஊரார் ஆளுக்கொரு வைத்தியம் பார்க்கிறார்கள், கடைசியில் யானை தும்முகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தும்மலை ஒருமுறை கேட்ட பிள்ளை, அந்தப் பக்கத்தை மட்டுமாவது தானே வாசித்துவிடும். வாசிப்பதாகச் சொல்லிக்கொண்டு தும்மவும் தும்மும்.

மனப்பாடமாகத் தெரிந்ததை வாசிப்பது வாசிப்பே இல்லை என்று சில ஆசிரியர்கள் பிள்ளைகளைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். தவறு. பாட்டு வாயில் இருக்கும்போது விரல் எழுத்தின் மேல் ஓடினால், ஒலியும் எழுத்தும் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக வாழ்நாள் முழுக்கப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்கள் இதற்காகவே செய்தவை போல இருக்கும். சின்னச் சொல், தப்பாத தாளம். அவருடைய ‘மலரும் உள்ளம்’ தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை ஒரு வாரம் பாடிவிட்டு, அதையே பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி மாட்டிப் பாருங்கள்.

விலைதான் கவலை என்றால் 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகள் எல்லாம் கைக்கு அடக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் வழியாக வந்த சிறு நூல்களையும் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று அவற்றை நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். எண் போட்டுத் தரம் பிரிக்காமல் வினைச்சொல்லால் பிரித்தவர் யாரோ, அவர் பிள்ளைகளோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண், “நான் இன்னும் ஒண்ணுலதான் இருக்கேன்” என்பதும் “நான் நடக்கறேன்” என்பதும் ஒன்றல்ல.

உறைவிடப் பள்ளிகளில் இன்னொரு கூட்டம் உண்டு. வயது பத்து, வாசிப்பு இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில். ஆட்டை மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நின்றுவிட்டு, மறுபடி வந்து சேர்ந்தவர்கள். இவர்கள் கையில் வாத்துக்குஞ்சு கதையைக் கொடுத்தால் கூச்சத்தில் மூடி வைத்துவிடுவார்கள். வாக்கியம் சின்னதாக, விஷயம் பெரிதாக இருக்கிற புத்தகம் இவர்களுக்கு வேண்டும். பறவை, பாம்பு, பூச்சி, நட்சத்திரம். மலையிலேயே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கும் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அந்த வெள்ளைக் கூண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்துக்கு இரண்டு வரியில் சொல்கிற புத்தகம் ஒன்று இருந்தால், இந்தப் பையன்கள் விடமாட்டார்கள். நான் தேடிய வரை கண்ணில் படவில்லை. யாராவது எழுத வேண்டும்.

ஆசிரியர் படித்துக் காட்ட ஒரு புத்தகம் மட்டும் வாங்க முடியும் என்றால், மகாஸ்வேதா தேவி எழுதிய மோய்னாவின் கதையை வாங்குங்கள். தூலிகா வெளியிட்டது. சபர் என்ற பழங்குடியில் பிறந்து, ஆடு மேய்த்துக்கொண்டு, எதைச் சொன்னாலும் ஏன் ஏன் என்று கேட்கிற சிறுமி. நான் ஏன் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் நடக்கணும் என்கிற ரகக் கேள்விகள். மலைப்பிள்ளைகள் பாவப்பட்டவர்களாகவோ பாட்டுப் பாடி ஆடுகிறவர்களாகவோ மட்டுமே வருகிற கதைகளுக்கு நடுவில், மோய்னா வாயாடியாக வருகிறாள்.

மலையின் தெற்கு அடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் புளியானூர் என்று ஒரு சிற்றூர். அங்கேதான் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. ‘தும்பி’ என்ற சிறார் இதழும் ‘தன்னறம்’ நூல்களும் அந்தக் கூட்டத்தாரிடமிருந்து வந்தவை. பெரிய நகரத்துப் பதிப்பகம்தான் அழகான சிறுவர் புத்தகம் போட முடியும் என்று நினைப்பவர்கள் தும்பியின் ஓர் இதழைப் புரட்டிப் பார்க்கலாம். பக்கம் நிறைய ஓவியம், தமிழோடு ஆங்கிலமும். என் அபிப்பிராயத்தில் அதன் கதைகள் சில, எழுத்துக்கூட்டும் வயதுக்குக் கனமானவை. பெரியவர் மடியில் வைத்துப் படித்துக்காட்டத் தக்கவை. படங்கள் எந்த வயதுக்கும் ஆகும்.

படித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லையே என்பார்கள். எழுத்துத் தெரியாத அம்மாவிடம் படப்புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். படத்தைப் பார்த்து அவர் ஒரு கதை சொல்வார், அது அச்சில் இருக்கும் கதையாக இருக்க வேண்டியதில்லை. மறுநாள் பிள்ளை வந்து, “டீச்சர், எங்கம்மா வேற மாதிரி சொன்னாங்க” என்றால் அந்த ‘வேற மாதிரி’யை விடாதீர்கள்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்துப் பாடப்புத்தகம் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று கண்டு, இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயம், ஆசை, சண்டை சம்பந்தப்பட்ட சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் படித்தார்கள். அந்த அனுபவத்தை 1963-ல் ‘டீச்சர்’ என்ற நூலாக எழுதினார்.

ஜவ்வாது மலையில் இதற்குச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும். தேன் எடுக்கப் போன அப்பாவைப் பற்றிப் பிள்ளை சொல்லட்டும். அது சொன்ன நாலு வாக்கியத்தை, பக்கத்துக்கு ஒன்றாக, சொல்லை வெட்டாமல், பெரிதாக எழுதுங்கள். மேலே படம் போட இடம் விடுங்கள், படத்தை அதுவே போடும். அட்டையில் அதன் பெயரை ஆசிரியர் என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டாமல், சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டி அதில் தொங்கவிடுங்கள், பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில்.