பிறேக் சத்தம் போடுகிறதா? லைனர் மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்

இடம்பெயர்ந்து வாழும் இடத்திலும் சரி, மீளக் குடியேறிய காணியிலும் சரி, எமது விவசாயக் குடும்பங்கள் பல ஒரு பழைய வாகனத்தை நம்பியே இருக்கின்றன. கத்தரிக்காய் மூட்டை சந்தைக்குப் போவதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாய் ஆசுபத்திரிக்குப் போவதும் அதே காரில்தான். அந்தக் கார் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டால், சிலர் அதற்குப் பழகிப்போகின்றனர். சிலர் உடனே கராஜுக்குப் போய் லைனரை மாற்றுகின்றனர். இரண்டுமே சரியல்ல.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மொறிஸ் மைனர் கார். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இக்காரும் ஓஸ்ரின் ஏ40 காரும் வடபகுதி மக்களுக்குப் புதியவை அல்ல. 1990 இன் பின் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவை இவைதான். எப்படியாவது ஓடவைக்கும் வித்தையை எமது மெக்கானிக்மார் அக்காலத்தில் நன்கு கற்றுக்கொண்டனர். ஓடவைப்பதில் காட்டிய அக்கறையை நிறுத்துவதில் நாம் காட்டவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

வன்னியில் 2010 இல் மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இப்படியொரு காரை வாங்கின. பின்பக்கத்துப் பிறேக் சத்தத்துக்காக மூன்று தடவை லைனர் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் சில கிழமைகள் அமைதி. பிறகு பழைய கிறீச். நாலாம் முறை காசு சேர்க்க வேண்டும் என்றபோது இரண்டு குடும்பங்கள் விலகிக்கொள்ளப் பார்த்தன. அவ்வூரில் முன்னர் லொறி திருத்திய ஒரு முதியவர், "தம்பிமார், லைனரை விடுங்கோ. அது ஏன் பழுதாகுது எண்டு பாப்பம்" என்றார்.

பிறேக்கின் அமைப்பு எளிது. சில்லோடு சேர்ந்து ட்றம் என்னும் இரும்புச் சட்டி சுழல்கிறது. அதனுள்ளே பிறை வடிவான இரண்டு 'சூ' இருக்கின்றன. அவற்றின் முதுகில் லைனர் பொருத்தப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் பிறேக் ஒயில் சிறு சிலிண்டரைத் தள்ள, சூ விரிந்து லைனர் ட்றத்தில் உரசுகிறது. சீராக உரசினால் சத்தமில்லை. விட்டுவிட்டுப் பிடித்து அதிர்ந்தால் முழு ட்றமும் கோயில் மணிபோல ஒலிக்கும். எனவே சத்தம் என்பது அதிர்வு. அதிர வைப்பது எது என்பதே கேள்வி.

முதலில் காதைப் பாவியுங்கள். ஆளில்லாத ஒழுங்கையில் ஒருவர் மெதுவாக ஓட்ட, மற்றவர் பக்கத்தில் நடந்து வரட்டும். பிறேக் பிடிக்காதபோதும் உறுமல் கேட்டால் அது சில்லின் பெயறிங்காக இருக்கலாம். காலையில் முதல் சில தடவை மட்டும் கரகரத்துப் பின் நின்றால், இரவுப் பனியில் ட்றத்தில் பிடித்த துரு, பயமில்லை. சில்லு சுற்றும் கணக்கில் விட்டுவிட்டுச் சத்தம் வந்து பெடலும் காலில் துடித்தால் ட்றம் வட்டம் கெட்டுவிட்டது. லேத்தில் கடைய வேண்டும். இரும்பை இரும்பு அராவும் சத்தம் என்றால் லைனர் தேய்ந்து றிவெற் ட்றத்தில் முட்டுகிறது. அன்றைக்கே காரை நிறுத்துங்கள். சந்தை நாளாக இருந்தாலும்தான்.

அந்த ஆறு குடும்பத்துக் காரில் கேட்டது நீண்ட கிறீச். அதோடு பிறேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுத்தது. முதியவர் மற்றச் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, யக்கால் உயர்த்தி, அடியில் மரக்குற்றி வைத்தபின்பே கை வைத்தார். (யக்கை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.) பின் சில்லையும் ட்றத்தின் இரண்டு திருகாணிகளையும் கழற்றியதும் காரணம் தெரிந்தது. லைனர் கறுத்து ஒயிலில் ஊறியிருந்தது.

ஆனால் எந்த ஒயில்? அவர் ஒரு துளியை வழித்துச் சிரட்டைத் தண்ணீரில் விட்டார். பிறேக் ஒயில் என்றால் தண்ணீரோடு கலக்கும். சிலிண்டர் ஒழுகுகிறது என்று பொருள். அது மிதந்தது. ஆகவே பின் அக்சிலில் உள்ள கியர் ஒயில் ஹப்பின் சீலைத் தாண்டி வருகிறது. மூன்று தடவையும் புதிய லைனரைப் போட்டவர்கள் அந்தச் சீலைத் தொடவேயில்லை. லைனரோடு ஒப்பிட்டால் சீல் மலிவான பொருள்.

சீலை மாற்றினார்கள். அக்சில் ஒயில் மட்டத்துக்கு மேல் நிரப்பப்பட்டிருந்ததையும் குறைத்தார்கள். ஊறிய லைனரை மண்ணெண்ணெயில் கழுவிப் பாவிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, மண்ணெண்ணெய் தானே எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அத்துடன் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் மீண்டும் இழுக்கும். இரு பக்கமும் சேர்த்தே மாற்றினார்கள். புது லைனரின் இரு நுனிகளிலும் கூரான விளிம்பை அரத்தால் சற்றுச் சரித்தார்கள். சூவின் ஓரம் பின்தட்டில் உரசும் இடங்களில் சூடு தாங்கும் கிறீஸ் நகநுனி அளவு பூசினார்கள். அதற்கு மேல் பூசினால் அது உருகி லைனருக்கே போகும். தளர்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றினார்கள். ட்றத்தின் ஓரத்தில் தேய்மானத்தால் எழுந்திருந்த வரம்பை லேத்தில் எடுத்தார்கள்.

இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் உண்டு. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின் கொடிய நோயாக வெளிப்படும். வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. மற்றது, பிறேக் தாங்கியில் எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளிருக்கும் றப்பர் ஊதிப் பெருத்து, பிறேக் இறுகிப்போகும் அல்லது முற்றாக விட்டுப்போகும்.

வேலை முடிந்தபின் சூவைச் சரிசெய்ய வேண்டும். மைனரில் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சரிசெய் திருகிகளும் பின் சில்லில் ஒன்றும் உண்டு. சில்லு இறுகும் வரை திருப்பி, பின் தடையின்றிச் சுற்றும் மட்டும் தளர்த்துங்கள். சில மைல் ஓடியபின் நான்கு ட்றத்திலும் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் சுரீர் என்று ஆவி எழுந்தால் அந்தச் சூ விடுபடாமல் உரசுகிறது. இன்னும் ஒரு பல் தளர்த்துங்கள். புது லைனர் படியும் வரை முதல் சில நாட்கள் சற்று முனகும். அந்நாட்களில் பாரம் குறைவாக ஏற்றி, சடுதியாக மிதிக்காமல் ஓட்டுங்கள்.