வியாசர் கடந்துபோன இடத்தில்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் கூட்டேரிப்பட்டை, மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்பும் இடமாகத்தான் பலரும் அறிவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முருகனைப் போலவே செல்வாக்குள்ள இன்னொரு தெய்வம் திரௌபதி அம்மன். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் அக்னி வசந்த விழா நடக்கும். பிற்பகலில் கோயில் பந்தலில் பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து, விடியும்வரை. கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

படுகளத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஊர்த்திடலில் துரியோதனனை மண்ணால் பிரமாண்டமாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தின் மேலேயே ஏறி நின்று சண்டையிடுவார்கள். தொடை பிளக்கப்படும். அதிலிருந்து எடுத்த செந்நீரைத் தொட்டு, அதுவரை விரிந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்வாள். சுற்றி நிற்கும் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வியாசரின் மூலத்தில் இந்தக் காட்சி இல்லை. கூந்தலை முடியமாட்டேன் என்று திரௌபதி அங்கே சபதம் செய்வதும் இல்லை. சபையில் சூளுரைப்பவன் வீமன். கூந்தல் சபதம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. வடமொழியில் பட்ட நாராயணர் 'வேணீசம்ஹாரம்' என்று அதற்காகவே ஒரு நாடகம் எழுதினார். தமிழ்நாட்டில் அது கோயிலுக்குள்ளும் தெருவுக்கும் வந்து சடங்காகவே ஆகிவிட்டது.

ஒரு கதையைக் கேட்டவர் அதிலிருந்து தன் கதையை எப்படி உண்டாக்குகிறார் என்பதை அறிய, இந்தப் பகுதியைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். கூத்துக்காரர்களுக்கும் பிரசங்கியாருக்கும் அடிப்படை நூல் வில்லிபாரதம். வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர், நடுநாட்டுத் திருமுனைப்பாடியைச் சேர்ந்தது. ஆக, இந்த வட்டாரத்துக்காரர். வடமொழிக் கதையைப் பத்துப் பருவங்களாக, சுமார் 4,350 பாடல்களில் தமிழாக்கினார். அது போதவில்லை என்று 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை மேலும் ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேர்த்துப் பதினெட்டுப் பருவங்களாக விரித்தார். புலவர்களோடு இது நிற்கவில்லை. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் தாய்க்கோயிலாகப் பலர் கருதுகிறார்கள். திரௌபதி செஞ்சியை ஓர் அசுரனிடமிருந்து காப்பாற்ற இரண்டாம் முறை வேள்வித்தீயில் தோன்றினாள் என்பது அங்குள்ள கதை. அவளுக்குக் காவலாகப் போத்துராஜா வந்து சேர்ந்ததும் இங்கேதான். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட தன் பெரிய நூலின் முதல் தொகுதிக்குத் தலைப்பிலேயே செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

புதிதாகச் சொல்ல வந்தவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முந்தியவர் நின்று நிதானமாகச் சொன்ன இடத்தை அவர்கள் அதிகம் தொடுவதில்லை. முந்தியவர் சட்டென்று கடந்துபோன இடத்தில்தான் போய் உட்காருகிறார்கள்.

அரவானை எடுத்துக்கொள்ளலாம்.

வியாச பாரதத்தில் அவன் சிறிய பாத்திரம். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் இறக்கிறான். அவ்வளவுதான். 9ஆம் நூற்றாண்டில், வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் வென்ற பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாரத வெண்பா பாடுகிறார். அதில் அரவான் போர் தொடங்குமுன் களப்பலியாகத் தன்னையே கொடுக்கிறான். களப்பலிக் கதை நமக்குக் கிடைக்கும் பழைய இடம் இதுதான். ஆனால் வியாசரோ அவனை எட்டாம் நாள்வரை உயிரோடு வைத்திருக்கிறார். பலியாகவும் வேண்டும், போரிலும் இருக்க வேண்டும்! இந்த முரணைத் தமிழ்ப் புலவர்கள் வரம் ஒன்றைக் கொண்டு தீர்த்தார்கள். வெட்டுண்ட பிறகும் சில நாள் போரைக் காணும் வரம். கூத்து மரபு அதைப் பதினெட்டு நாளாக நீட்டியது. வெட்டிய தலை உயரத்திலிருந்து போர் முழுவதையும் பார்க்கிறது.

அதற்குப் பிறகும் யாரோ ஒருவருக்கு மனம் ஆறவில்லை. திருமணமாகாமல் சாகிறானே இந்தப் பிள்ளை? விடிந்தால் வெட்டப்படப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான் என்ற கதை அங்கிருந்து பிறந்தது. இதைச் சேர்த்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. விழுப்புரத்துக்குத் தெற்கே, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்தில், கூத்தாண்டவர் என்ற பெயரில் அரவான் இருக்கிறான். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கைகள் அங்கே வந்து அவனுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். வியாசர் சில பாடல்களில் முடித்துவிட்ட ஒருவனுக்காக ஆயிரமாண்டு கழித்தும் அழுகிறார்கள்.

அந்த அழுகை நவீன புனைகதைக்கும் வந்தது. 1990களில் சு. சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி', சுயம்பு என்ற கல்லூரி மாணவர் திருநங்கையாவதைச் சொல்கிறது. கூவாகம் அந்த நாவலில் முக்கியமான இடம். பரிவோடு எழுதப்பட்டதுதான், ஆனாலும் வெளியே இருந்து பார்த்தவரின் கதை. 2008இல் ப்ரியா பாபு 'மூன்றாம் பாலின் முகம்' நாவலைத் தந்தபோது, மோகினியாக நின்று தாலி கட்டிக்கொள்ளும் சமூகத்திலிருந்தே ஒருவர் பேனாவை எடுத்தார். பெருந்தேவனாரிலிருந்து இதுவரை உள்ள தூரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உலக இலக்கியத்திலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் சார்லட் பிராண்டி 1847இல் எழுதிய 'ஜேன் அயர்' நாவலில், மாடி அறையில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு மனைவி வருகிறாள். அவள் கரீபியத் தீவிலிருந்து வந்தவள், சித்தம் கலங்கியவள் என்பதற்குமேல் கதைக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை. அதே கரீபியத்தில் டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966இல் அவளுக்கென்று ஒரு தனி நாவல் எழுதினார். படித்தபோது ஏற்பட்ட வலி, எழுதவேண்டிய காரணமாகிவிட்டது.

தமிழில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் புதுமைப்பித்தன் என்றே சொல்ல வேண்டும். இராமாயணத்தில், சாபத்தால் கல்லாகக் கிடந்த அகலிகை இராமன் பாதத் தூசி பட்டு எழுந்துவிடுகிறாள். கதை அவளை அங்கேயே விட்டுவிட்டு மிதிலைக்குப் போய்விடுகிறது. எழுந்தவள் பிறகு எப்படி வாழ்ந்தாள்? ஊரார் எப்படிப் பார்த்தார்கள்? கணவனோடு முன்போல் பேச முடிந்ததா? 1943இல் வந்த 'சாப விமோசனம்' இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது. வனவாசம் முடிந்து வந்த சீதை தன் அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டதும், அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவரே முன்குறிப்பு எழுதினார். ஒன்பதாண்டு முன்பே 'அகல்யை' என்று ஒரு கதை எழுதியவர் அவர். ஒரே பாத்திரம் ஓர் எழுத்தாளரை இரண்டு முறை உட்காரவைத்திருக்கிறது.

அவர் விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் நன்மை ஆகாது. 1930களில் அயல்நாட்டுக் கதைகளைப் பெயரும் ஊரும் மாற்றித் 'தழுவி' எழுதுவது பத்திரிகைகளில் வழக்கம். மொழிபெயர்ப்புதான் நேர்மை என்று தழுவலைக் கடுமையாக எதிர்த்தவர் புதுமைப்பித்தன். ஆனால் அவர் பெயரில் வந்த கதைகளிலேயே சில, பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் தழுவல்கள் என்று பின்வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் கதைகளையும் 'சாப விமோசன'த்தையும் அடுத்தடுத்துப் படித்தால், எது தழுவல் எது தாக்கம் என்பது இலக்கணம் சொல்லாமலே விளங்கும். முன்னதில் கேள்வியும் விடையும் மாப்பசானுடையவை. பின்னதில் கேள்வி புதிது. வால்மீகியோ கம்பரோ அதற்கு விடை வைத்திருக்கவில்லை. மூலம் எது என்பதை வெளிப்படையாகவே வைத்துக்கொண்டு வாசகரோடு வாதாடுகிறது அந்தக் கதை.

கூட்டேரிப்பட்டிலிருந்து கிழக்கே மயிலம் வழியாகப் போனால் புதுச்சேரி. 1908 முதல் பத்தாண்டு பாரதியார் அடைக்கலம் புகுந்திருந்த ஊர். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வந்தது. வியாசரைப் பின்பற்றியே எழுதியதாகவும், கற்பனையில் தன் சொந்தச் சரக்கு அதிகம் இல்லை, தமிழ் நடைக்கு மட்டுமே தான் பொறுப்பு என்றும் அவர் அடக்கமாகக் குறிப்பிட்டார். அப்படிச் சொன்ன நூலுக்குப் பெயராகவும் முடிவாகவும் அமைந்ததோ வியாசரிடம் இல்லாத அந்தக் கூந்தல் சபதம். வில்லியும் கூத்தும் படுகளமும் தமிழர் மனத்தில் ஊன்றிவைத்தது, நாட்டு விடுதலைக்குக் காத்திருந்த கவிஞர் கையில் வேறு பொருள் கொண்டது. சபையில் இழுத்துவரப்பட்டவளைப் பாரத நாடாகவே அன்றைய வாசகர்கள் கண்டார்கள்.

கதையிலிருந்து மட்டும்தான் கதை வரும் என்றும் இல்லை. புதுச்சேரியில் துபாஷாக, அதாவது பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துணி பேரம், கவர்னர் துய்ப்ளேயின் மனநிலை, 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது, சில்லறை வழக்குகள் எல்லாம் அதில் உண்டு. பெரிய மனிதர் எழுதியதால் சிறிய மனிதர்கள் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் மறைந்துவிடுகிறார்கள். பிரபஞ்சன் அந்த ஒற்றை வரிகளைப் பிடித்துக்கொண்டார். 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' இரண்டும் அப்படி எழுந்த நாவல்கள். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கல்கியும் இதே வேலையைக் கல்வெட்டில் செய்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்ததைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் வெறும் பெயர். 'பொன்னியின் செல்வ'னில் அவனுக்குக் குரலும் சூழ்ச்சியும் பாதாள அறையும் கிடைத்தன.

திரும்பவும் கூத்துக்கே வரலாம். ஏனென்றால் கூத்து கொடுத்ததோடு நிற்கவில்லை, வாங்கவும் செய்தது. தஞ்சைப் பகுதியில் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். 1977இல் அவர் சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் கூத்துப்பட்டறை என்றே பெயர். கர்ண மோட்சம் என்ற கூத்தின் பெயரையே வைத்து, எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தில், முரளி மனோகர் இயக்கத்தில் 2008இல் ஒரு குறும்படம் வந்து தேசிய விருது பெற்றது. சென்னைப் பள்ளியில் ஆட வந்த கூத்துக் கலைஞருக்கு ஆட்டம் இல்லாமல் போகிறது. கையில் காசும் இல்லை. அந்த நிலையில் அவர் ஒரு சிறுமிக்குத் தன் அடவைச் சொல்லிக்கொடுக்கிறார். கவச குண்டலம் எதுவும் காட்டாமலே கர்ணன் யார் என்று பார்ப்பவருக்குப் புரிகிறது.

புரிசைக் குழு வாங்கியதோ வெகு தொலைவிலிருந்து. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின், பெரிய சிறகுகளோடு ஊருக்குள் வந்து விழுந்த கிழவரின் கதையை அவர்கள் கூத்தாக ஆடினார்கள். மார்க்கேஸும் சும்மா எழுத வந்தவரல்ல. பொகோட்டாவில் சட்டம் படித்த நாட்களில் காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைப் படித்து, இப்படியெல்லாம் எழுத அனுமதி உண்டா என்று அதிர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதிசயங்களைச் சொல்லும் தன் பாட்டியின் குரலும் அப்போது அவருக்கு நினைவு வந்தது. 1947இலேயே அவருடைய முதல் சிறுகதை அச்சேறியது. பிராகு நகரத்து எழுத்தாளர் ஒருவர், கரீபியக் கரையோரத்துப் பாட்டி ஒருவர், அவர்கள் வழியாக வந்த ஒரு கதை புரிசைக் கூத்துக்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கண்ணப்பத் தம்பிரான் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் இரண்டு நாள் விழா நடத்துகிறார்கள். பாரதக் கூத்தும் நவீன நாடகமும் அடுத்தடுத்து மேடையேற, ஊர்க்காரர்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.