அருவிக்கரையில் ஓர் ஆங்கிலப் பாடம்

சென்ற ஆண்டு ஆனி மாதச் சாரலின்போது, என் தங்கை குடும்பத்தாருடன் தென்காசியிலிருந்து குற்றாலம் சென்றிருந்தேன். எல்லாரும் களிப்புடன் இருக்க, எட்டாம் வகுப்புப் பயிலும் அவள் மகள் மட்டும் முகம் வாடியிருந்தாள். ஆங்கிலத் தேர்வில் 'வாட்டர்' என்னும் சொல்லை வினைச்சொல் என்று எழுதியதற்கு மதிப்பெண் கிட்டவில்லையாம். செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறோம் என்னும் பொருளுடைய வாக்கியம் அது. தண்ணீர் ஒரு பொருள். எனவே பெயர்ச்சொல்லே என்பது திருத்தியவரின் முடிவு. "எனக்கு இங்கிலீஷ் வராது மாமா" என்று அவள் சொன்னது நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அவள் எழுதியதே சரி.

பேரருவியில் நீராடித் தலை துவட்டும்போது, 'மெயின் ஃபால்ஸ்' என்ற பெயரையே பாடமாக்கினேன். 'ஃபால்ஸ்' என்பது இங்கே அருவி, பெயர்ச்சொல். 'வாட்டர் ஃபால்ஸ்' என்று இரு சொல்லாகப் பிரித்து வாக்கியமாக்கினால், தண்ணீர் விழுகிறது என்றாகும்; அதே சொல் வினையாகிவிடுகிறது. ஈற்றிலுள்ள 'ஸ்' பெயரில் பன்மையையும் வினையில் ஒருமையையும் காட்டுவது இன்னும் வேடிக்கை. நம் பிள்ளைகள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நன்னூல் காட்டும் வழி இதற்கும் உதவும். வேற்றுமை ஏற்பது பெயர்; காலம் காட்டுவது வினை. உரலில் மாவை 'இடி' என்றால் வினை. வானத்தில் 'இடி' என்றால் பெயர். ஐயமிருந்தால் 'இடியை', 'இடித்தான்' என்று சொல்லிப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுக்கு ஈடாக, முன்னே 'தி' சேருமா என்று பார்க்கலாம். வினைக்குக் காலத்தை மாற்ற வேண்டும்: 'ஃபால்' என்பது 'ஃபெல்' ஆகும், நீர் பாய்ச்சும் 'வாட்டர்', 'வாட்டர்டு' ஆகும். சொல்லின் பொருளைவிட வாக்கியத்தில் அது நிற்கும் இடமே வகையைத் தீர்மானிக்கிறது.

பெயரடைதான் சற்றுத் தொல்லை. பழைய குற்றாலத்தின் 'ஓல்டு', 'வெரி' என்பதை முன்னே ஏற்கும். 'ஓல்டர்' என்றும் ஆகும். 'மெயின்' இவ்விரண்டையும் ஏற்காது; ஆயினும் பெயரடையே. 'வாட்டர் டேங்க்' என்பதில் 'வாட்டர்' முன்னே நின்று தொட்டியை விளக்கினாலும் பெயரடை ஆகாது. நம் தண்ணீர்த் தொட்டியைப் போலப் பெயரோடு பெயர் சேர்ந்ததே.

இவ்வகையில் அறிஞரும் ஒருமித்து நின்றதில்லை. பழைய இலத்தீன் இலக்கணம் பெயரடையைப் பெயரின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், 16ஆம் நூற்றாண்டில் அந்த இலத்தீன் மரபைக் கொண்டே தமிழுக்கு இலக்கணம் வகுக்க முயன்றார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் பெயரடைகள் பெயர்களும் பெயரெச்சங்களுமே என்னும் கருத்தை விளக்கினார். பெரியோரே இத்தனை ஆராய்ந்த இடத்தில், எட்டாம் வகுப்புக் குழந்தை தயங்கியதற்கு அறிவுக்குறை என்று பெயரிடலாமா? விடைத்தாளைத் திருத்தியவரிடம் பணிவோடு காட்டி விளக்கம் கேட்குமாறு தங்கையிடம் சொன்னேன்.

மாலையில் ஐந்தருவிக்குப் போனோம். பெயர்ப்பலகையைக் கண்டதும், "அப்படியானால் 'ஃபைவ்' எந்த வகை மாமா?" என்றாள். பழைய பாடநூல்கள் பெயரடை என்றன. இக்காலத்தார் பலர் அதைத் தனி வகையாக வைக்கின்றனர் என்றேன். அவள் 'வெரி ஃபைவ்' என்று சொல்லிப் பார்த்துத் தானே சிரித்துவிட்டாள்.