நர்சம்மா நல்லா இருந்தாத்தான் நோயாளியும் நல்லா இருப்பார்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு ஆஸ்பத்திரி பக்கம் திரும்பியது. "ஊசி போடுற நர்சம்மா நம்ம முகத்தைக்கூட பார்க்க மாட்டேங்குறாங்க" என்றார் ஒரு உறுப்பினர். "ட்ரிப்ஸ் தீர்ந்து போச்சுன்னு நாலு தடவை கூப்பிட்டேன். அஞ்சாவது தடவைதான் வந்தாங்க, வந்ததும் திட்டுனாங்க" என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு கதை. எனக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு என் மாமியார் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஒரு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். கூட இருந்து பார்த்தது நான்தான். பத்தாம் நாள் சாயங்காலம் துணி மாற்றும்போது பார்க்கிறேன், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். படுக்கைப் புண். எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி டூட்டிக்கு வந்த நர்சிடம் சத்தம் போட்டேன். "சம்பளம் வாங்குறீங்கல்ல, இதைப் பார்க்க வேணாமா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும் என்று செய்து காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வார்டில் இருந்த கட்டில்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. நர்சு அவர் ஒருவர்தான். விடிகாலை நாலு மணிக்கு ஜன்னல் ஓரம் நின்றபடியே டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். டப்பாவை மூடிவிட்டு ஓடினார்.

அந்தப் புண்ணுக்கு யார் பொறுப்பு? ராத்திரி முழுக்க இந்தக் கேள்விதான். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, இதே கேள்வியை வைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று. அதை நம் உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நர்சு வேலையில் ஆராய்ச்சியா?

ஆமாம். அதைத் தொடங்கி வைத்தவரே ஒரு நர்சுதான். 1854-ல் கிரிமியப் போர் நடந்தபோது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கியில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போனார். குண்டடி பட்டு இறந்த சிப்பாய்களை விட, அழுக்கிலும் நோயிலும் இறந்தவர்கள்தான் அதிகம். நாம் குழுவில் வரவு செலவு நோட்டு எழுதுகிறோமே, அது மாதிரி அவர் யார் எதனால் இறந்தார் என்று கணக்கு எழுதி, படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். அவர் பிறந்த மே 12-ஆம் தேதியைத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சு பயிற்சியைத் தொடங்கினார். பெண்பிள்ளை வீட்டை விட்டு வெளியே போய் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதா என்று ஊர் பேசிய காலம் அது. 1946-ல் அங்கே நர்சிங் பட்டப் படிப்பு வந்தது. இன்று நமக்குப் பக்கத்தில் சிதம்பரத்திலேயே செவிலியர் கல்லூரி இருக்கிறது.

ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி?

இதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். இவரும் நர்சாக வேலை பார்த்தவர். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், ஆபரேஷன் செய்துகொண்ட 2 லட்சத்து 32 ஆயிரம் நோயாளிகள், 10 ஆயிரத்துக்கும் அதிகமான நர்சுகள். இத்தனை பேருடைய விவரத்தையும் சேர்த்துப் பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்.

அவர் கண்டது இது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நாலு நோயாளியைப் பார்த்த இடத்தில் எட்டுப் பேரைப் பார்க்க வைத்தால் 31 சதவீதம் கூடுகிறது. நர்சு பக்கமும் கணக்கு இருக்கிறது. ஒரு நோயாளி கூடும்போது நர்சு மனம் சோர்ந்து, வேலையே வெறுத்துப் போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது.

இது அமெரிக்காவில் மட்டும்தானோ என்று பார்த்தால் அப்படியும் இல்லை. ஐரோப்பாவில் 9 நாடுகளில், 300 மருத்துவமனைகளில் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அதே 7 சதவீதம்தான் வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது?

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பது நர்சுதான். மூச்சு வேகமாக வாங்குகிறது, நாடி குறைகிறது, மூத்திரம் சரியாகப் போகவில்லை. இந்த அறிகுறிகளை முதலில் கண்டுபிடிக்கிற கண் நர்சுடையது. ஒரு மணி நேரம் முன்னாடி கண்டுபிடித்தால் பிழைக்கிற உயிர், ஒரு மணி நேரம் தாமதமானால் போய்விடலாம். முப்பது பேரைப் பார்க்கிற கண்ணுக்கு எல்லாமா தெரியும்?

பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கப் போகிற நம் சகோதரிகளுக்கு இது சொல்லாமலே புரியும். ஒருத்தர் உடைக்க வேண்டிய கிலோவைக் கூட்டிக்கொண்டே போனால் முழுப் பருப்பு வருமா? உடைந்த பருப்புதான் வரும், கையும் வெந்துபோகும். அதற்காக உடைக்கிறவளுக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியுமா?

விட்டுப்போகும் வேலைகள்

பியாட்ரிஸ் கலீஷ் என்ற இன்னொரு செவிலியர் பேராசிரியர் 2006-ல் வேறு ஒரு கேள்வி கேட்டார். நேரம் போதாதபோது நர்சுகள் எந்த வேலையை விட்டுவிடுகிறார்கள்? ஊசியை, மருந்தை விட முடியாது. அப்போது விட்டுப்போவது எது? படுத்தவரைத் திருப்பிப் போடுவது, நடக்க வைப்பது, வேளைக்குச் சாப்பாடு கொடுப்பது, உடம்பைச் சுத்தம் செய்வது, ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது, வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கணும் என்று சொல்லிக் கொடுப்பது.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என் மாமியாரைத் திருப்பிப் போடவில்லை. அது அந்தப் பெண்ணின் அலட்சியம் இல்லை. நேரம் இல்லை. கூடவே இருந்த எனக்கோ, திருப்பிப் போடணும் என்பதே தெரியாது.

நர்சின் உடம்பு என்ன ஆகிறது?

நின்றுகொண்டே வேலை. நோயாளியைத் தூக்கித் தூக்கி இடுப்புவலி, முதுகுவலி. காலில் நரம்புச் சுருட்டல். ஊசி தவறிக் கையில் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும் பயம். மாறி மாறி நைட் டூட்டி. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அடுப்படி காத்திருக்கும்.

அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், ஒரே மூச்சில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கும் நர்சு தவறு செய்யும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று கண்டார்கள். களைத்த கண்ணுக்கு மருந்துச் சீட்டில் எழுத்து மாறித் தெரியும். ஆகவே நர்சுக்கு ஓய்வு கொடுப்பது அவருக்குச் செய்கிற தயவு இல்லை. நோயாளிக்குச் செய்கிற பாதுகாப்பு.

ஆள் கூட்டினால் செலவு ஆகாதா?

இதைத்தான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1999-ல் சட்டம் போட்டு 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பொது வார்டில் ஒரு நர்சுக்கு 5 நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016-ல் 27 அரசு மருத்துவமனைகளில் இதுபோல விதி கொண்டுவந்தார்கள். இறப்பு குறைந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், திரும்பி வந்து சேருவதும் கூடவில்லை. அதனால் மிச்சமான பணம், கூடுதல் நர்சுகளுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்கு என்று 2021-ல் கணக்குக் காட்டினார்கள்.

நம் நாட்டில் நிலைமை

இந்திய நர்சிங் கவுன்சில், போதனா மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு நர்சு, மற்ற மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு நர்சு வேண்டும் என்று பரிந்துரைத்தது. வார்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பரிந்துரைக்கும் நடப்புக்கும் எவ்வளவு தூரம் என்று.

சம்பளமும் அப்படித்தான். தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்தைப் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் தமிழ்நாட்டில் 7,700 ரூபாய் மாதச் சம்பளத்தில் ஒப்பந்த முறையில் அரசு வேலைக்கு வந்த நர்சுகள், 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினார்கள். பணி நிரந்தரம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பிறகு சம்பளம் படிப்படியாக உயர்ந்தது. ஆனால் அந்தக் கோரிக்கை அதற்குப் பிறகும் பல வருடம் தொடர்ந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை ஷிப்ட் முறையில் போட்டு, இரவு பகல் எந்நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது நம் மாநிலம். 2001-03-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. இதற்குப் பல காரணம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கும் விழித்திருந்த அந்த நர்சுகளும் ஒரு காரணம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்கள் நம் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்கள் வெயிலில் எத்தனை வீடு நடக்கிறார்கள், சாப்பிட்டார்களா என்று நாம் கேட்டிருக்கிறோமா?

நாம் என்ன செய்யலாம்?

1. நர்சு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2010-ல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு மருந்து கொடுப்பதற்குள் நாலு தடவை குறுக்கிட்டால் பெரிய தவறு நடக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். கொடுத்து முடித்ததும் கேளுங்கள். மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, மயக்கம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

2. கூட இருப்பவர்கள் முதல் நாளே நர்சிடம், "இவங்களை எப்படித் திருப்பணும், என்ன கவனிக்கணும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுந்திருக்க முடியாதவரை, கூடாது என்று சொல்லாத பட்சத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். விரிப்பு ஈரம், சுருக்கம் இல்லாமல் இருக்கட்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பாகத்தைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் நர்சிடம் காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது.

3. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். அலட்சியம் செய்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதிரே நிற்கிற பெண்ணைத் திட்டுவதோடு நிறுத்தினால் ஒன்றும் மாறாது. மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். கை ஓங்குவது குற்றம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-ஆம் வருடத் தமிழ்நாடு சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு.

5. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை நர்சு இடம், எத்தனை காலி என்று கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். குழுவின் தீர்மான நோட்டில் எழுதி, பத்துக் குழு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு.

முடிவாக

என் மாமியாரின் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மறுபரிசோதனைக்குப் போன அன்று அந்த நர்சுப் பெண்ணைத் தேடினேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. "ஒப்பந்தம் முடிஞ்சு போயிட்டாங்கம்மா" என்றார்கள். எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் என் மனசில் பாக்கி நிற்கிறது.

வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தினம் தினம் அந்த அடுப்புக்கு முன்னால் நின்று வேகிறவர்கள் இருப்பதால்தான் எரிகிறது. பசித்தவருக்குச் சோறு போடுகிறவர் சாப்பிட்டாரா என்று கேட்பதும் ஜீவகாருண்யம்தான். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால், "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதோடு நிற்காமல், வார்டுக்கு இன்னொரு நர்சு வேண்டும் என்று கேட்டு மனுவும் எழுதுங்கள்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டிப் பேசுங்கள்.